பதில்: 2019-20 பருவத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கை ஏன் உதைக்கிறது?

உங்கள் அட்டவணையில் அந்த ஆண்டு மட்டும் எந்த என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிக்கும் வழக்கமான 82 ஆட்டம் வரவில்லை என்கிறீர்கள். தரவு சரிதான், அட்டவணையை அழித்துவிடாதீர்கள். 2020 மார்ச் 11 அன்று ரூடி கோபேர் என்ற வீரருக்குக் கொரோனா உறுதியானதும் லீக்கையே நிறுத்திவிட்டார்கள். ஜூலை 30-ல் ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகத்தில் மறுபடி தொடங்கியபோது அழைத்தது 22 அணிகளைத்தான். ஒவ்வொன்றுக்கும் 8 ஆட்டம். மற்றவர்களுக்கு மார்ச்சோடு கதை முடிந்தது. அதனால்தான் கோல்டன் ஸ்டேட் 65, லேக்கர்ஸ் 71, மில்வாக்கி 73.

வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு வெற்றி விகிதத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். லீக்கும் அப்படித்தான் செய்தது. அப்புறம், போர்ட்லாந்து மெம்பிஸை 126-122 என வென்ற, அடுத்த சுற்றுக்கான தகுதி ஆட்டத்தை வழக்கமான பருவக் கணக்கில் சேர்க்காதீர்கள்.