ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ்: மூன்று வழிகாட்டிகள் மூன்று விதமாகச் சொன்னால்?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. படிப்புக்காக உபுண்டு என்ற லினக்ஸையும் அதே மெஷினில் போட வேண்டும். விண்டோஸும் போய்விடக் கூடாது. பயனர்களே எழுதிவைத்த டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ், அதாவது இயங்குதளங்கள், வைப்பது) வழிகாட்டிகள் மூன்றைப் படித்தேன். ஒன்று, கையொப்பமில்லாத பூட் மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்கிறது. இன்னொன்று பயோஸில் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) லெகஸி மோடுக்கு, அதாவது பழைய பூட் முறைக்கு, மாறச் சொல்கிறது. மூன்றாவது, ராமைப் போல இரு மடங்கு ஸ்வாப் பார்ட்டிஷன் (ராம் போதாதபோது பயன்பட டிஸ்கில் ஒதுக்கும் தனிப் பகுதி) கட்டாயம் என்கிறது. எதை நம்பி இறங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றுமே ஒரு காலத்தில், யாரோ ஒருவருடைய மெஷினில் சரியாக வேலை செய்தவைதான். பயனர்கள் எழுதும் வழிகாட்டி என்பது பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது. ஒருவர் தன் கணினியில் செய்து பார்த்ததை எழுதுகிறார், அடுத்து வந்தவர் தனக்கு வேறு மாதிரி நடந்ததைச் சேர்க்கிறார். அதனால் எந்த வழிகாட்டி நல்லது என்று தேடுவதற்கு முன், உங்கள் மெஷின் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எந்த வரி உங்களுக்குப் பொருந்தும், எதைத் தாண்டிப் போகலாம் என்பது உங்களுக்கே புரியும்.

முதலில் லெகஸி விஷயம், ஏனென்றால் மூன்றில் ஆபத்தானது அதுதான். பழைய கணினிகளில் பயோஸ் நேராக டிஸ்கின் முதல் செக்டாரைப் படித்து ஓஎஸ்ஸை எழுப்பும். எம்பிஆர் என்ற அந்த முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது, 2 டிபிக்கு மேல் கையாளவும் முடியாது. அந்த முதல் செக்டார் ஒன்றே ஒன்று என்பதால், கடைசியாக நிறுவிய ஓஎஸ் முந்தையதை மறைத்துவிடும். ‘முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்’ என்ற பழைய விதி வந்தது இதனால்தான். இப்போதைய மெஷின்களில் பழைய பயோஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது (அதன் செட்டிங்ஸையும் வழக்கமாகப் பயோஸ் என்றே சொல்கிறோம்), டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஈஎஸ்பி என்ற சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகவே யுஇஎஃப்ஐயைக் கேட்கிறது. நீங்கள் லெகஸிக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. பயப்பட வேண்டாம், திரும்ப மாற்றினால் வந்துவிடும். பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. லெகஸியில் பூட் ஆன யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை நிறுவினால், அதுவும் லெகஸி முறையிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டு ஓஎஸ்ஸும் இரண்டு மோடில் இருக்கும்போது, எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் க்ரப் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறக்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் பயோஸுக்குள் போய் மாற்ற வேண்டியதுதான். ஆகவே அந்த இரண்டாவது வழிகாட்டியை மூடிவிடுங்கள்.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்வது அவ்வளவு மோசமில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் பரவலாயிற்று. அப்போது பல லினக்ஸ் விநியோகங்கள் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) அதற்குத் தயாராக இருக்கவில்லை, அணைத்துவிடுவதே எளிய வழியாக இருந்தது. பிறகு ஷிம் என்ற சிறிய பூட்லோடர் (ஓஎஸ்ஸை எழுப்பும் நிரல்) வந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு டிஜிட்டல் கையொப்பமிடுகிறது, அது உபுண்டுவின் க்ரப்பைச் சரிபார்த்து எழுப்புகிறது. உபுண்டுவும் ஃபெடோராவும் நெடுநாளாக இப்படித்தான் இயங்குகின்றன. டெபியன் 2019இல் வந்த தன் 10ஆம் பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது. ஆர்ச் போன்றவற்றில்தான் நீங்களே கையொப்பம் போடும் வேலை இருக்கும்.

உங்கள் லேப்டாப்பில் என்விடியா கார்டு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் தரப்பு டிரைவரையும் சேர்த்து நிறுவும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். அடுத்து ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் ‘மோக் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு திரை சில நொடிகள் வந்து நிற்கும் (மோக் என்பது அந்த டிரைவரின் கையொப்பத்தை ஏற்க நீங்கள் சேர்க்கும் சாவி). அங்கே ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என்னவென்று தெரியாமல் பலர் ‘கன்டினியூ’ அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் லோட் ஆகாது, பழி செக்யூர் பூட்டின் மேல் விழும், அதை அணை என்று இன்னொரு வழிகாட்டியில் ஒரு வரி சேர்ந்துவிடும்.

அணைத்தே ஆக வேண்டிய நேரமும் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம் பதிப்புகளைத் தடைசெய்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும், பலருடைய லினக்ஸ் ‘ஷிம் எஸ்பேட்’ என்ற பிழைச் செய்தியோடு நின்றுபோனது. அந்த வாரத்தில் தற்காலிகமாக அணைப்பதுதான் வழியாக இருந்தது. 2025 மே மாதத்தில்தான் முழுத் தீர்வு வந்தது. அந்த நேரத்தில் எழுதிய குறிப்பை இன்று படிப்பவர், அது நிரந்தர விதி என்று நினைத்துவிடக்கூடும். எனவே ஒரு வழிகாட்டியைத் திறந்ததும் எந்த ஆண்டு, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

ஸ்வாப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு மடங்கு என்பது ராம் மிகக் குறைவாக இருந்த நாட்களின் கணக்கு. உபுண்டு 17.04 முதல் தனிப் பார்ட்டிஷனுக்குப் பதில் ஸ்வாப் ஃபைலை அதுவே உருவாக்கிக்கொள்கிறது. லினக்ஸில் ஹைபர்னேட் செய்யும் (ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைக்கும்) எண்ணம் இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள்.

இனி உங்கள் மெஷினைப் பார்ப்போம். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் நீளமான பட்டியல் வரும். அதில் ‘பயோஸ் மோட்’ என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே ‘செக்யூர் பூட் ஸ்டேட்’ இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்கிரிப்ஷன், அதாவது டிஸ்கில் இருப்பதைக் குறியாக்கம் செய்து பூட்டுவது. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். ஹோம் பதிப்பில் இதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர், புரோவில் ‘பிட்லாக்கர்’. நீங்கள் எதையும் ஆன் செய்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் ஆன் ஆகியிருக்கும். பயோஸில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் யாராலும் மீட்டுத்தர முடியாது. எனவே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, தாளில் எழுதியோ வேறொரு போனில் படமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமிப்பது எந்தப் பயனும் தராது. ரெகவரி கீயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பயோஸைத் தொடச் சொல்லும் வழிகாட்டி, மற்றபடி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைத் தனியாக நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

நிறுவும்போது என்கிரிப்ஷனை முழுவதும் அணைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் திரும்ப ஆன் செய்வது புதியவர்களுக்கு நல்லது. நேரம் எடுக்கும், இருந்தாலும் நிம்மதி. ஆன் செய்த பிறகு க்ரப் வழியாக விண்டோஸைத் திறந்தால் கீயைக் கேட்கக்கூடும்; கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் அழுத்தி வரும் பூட் மெனுவில் நேராக விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை பொதுவாக இருக்காது.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுக்க அணைவதில்லை. கெர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. லினக்ஸிலிருந்து பார்த்தால் அந்த டிரைவ் இன்னும் பயன்பாட்டில் இருப்பதுபோலத் தெரியும். படிக்க மட்டும் விடும், இல்லையென்றால் திறக்கவே மறுக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெடும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைத்துவிடுங்கள். பழைய வழிகாட்டியோ புதியதோ, எல்லாமே ஒத்துப்போகும் ஒரு வரி இது.

பிறகு உபுண்டுவை யுஎஸ்பியில் எழுதி, நிறுவாமல் லைவ்வாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, டச்பேட், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா? முக்கியமாக, எஸ்எஸ்டி கண்ணுக்குத் தெரிகிறதா? சில லேப்டாப்களில் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை ஆன் ஆகியிருப்பதால் டிஸ்க் தெரியாது. ‘பயோஸில் ஏஹெச்சிஐக்கு மாற்று’ (வழக்கமான டிஸ்க் முறைக்கு) என்று ஒரே வரியில் சொல்லும் குறிப்புகள் உண்டு. அப்படியே செய்தால் விண்டோஸ் எழும்பாது. முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி வைத்து, பிறகு பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் அது புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். அதன்பின் சேஃப் மோடை விலக்கிவிடலாம். சேஃப் மோடில் பின் நம்பர் ஏற்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்ட் நினைவில் இருக்கட்டும். லைவ் யுஎஸ்பியில் எஸ்எஸ்டி ஏற்கெனவே தெரிந்தால் இந்தப் பத்தியே உங்களுக்கு வேண்டாம்.

இதுவரை சொன்ன அமைப்புகளையெல்லாம் மாற்றினால் திரும்பப் பழையபடி வைத்துவிடலாம். டிஸ்கைப் பிரித்து எழுதுவது அப்படியில்லை. அதனால் அதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளியே ஓர் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். தன் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும். நூறு ஜிபி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க விடுகிறதென்றால், நகர்த்த முடியாத பேஜ் ஃபைலோ (விண்டோஸின் ஸ்வாப்) ஹைபர்னேஷன் ஃபைலோ நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள். உங்கள் 512 ஜிபியில் 100 ஜிபியை லினக்ஸுக்கு ஒதுக்கினால் படிப்புக்குத் தாராளம்.

இன்ஸ்டாலர் டிஸ்கைக் காட்டும்போது ஆரம்பத்தில் 100 எம்பியோ சற்றுக் கூடவோ அளவில், பெயரில்லாமல் ஒரு பார்ட்டிஷன் தெரியும். பார்த்தால் ஏதோ மிச்சம் மீதி போல இருக்கும். அதுதான் ஈஎஸ்பி. அதை அழிக்கவும் வேண்டாம், ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். அதை ஃபார்மேட் செய்தால் விண்டோஸின் பூட் ஃபைல்களும் சேர்ந்து போய்விடும். ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்ற தேர்வு வந்தால் அதையே எடுங்கள். ‘டிஸ்கை அழி’ என்பதன் பக்கம் கை போக வேண்டாம்.

நிறுவிய பிறகு க்ரப் மெனுவில் விண்டோஸ் தெரியவில்லை என்றால், அது அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ பாதுகாப்புக் காரணத்தால் இயல்பாக அணைந்தே இருக்கிறது. க்ரப் அமைப்பில் அதை ஆன் செய்து மெனுவைப் புதுப்பித்தால் வந்துவிடும். அதற்கு முந்தைய வழிகாட்டிகளில் இந்த வரி இருக்காது. அதேபோல ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸே திறந்தால், பூட் வரிசையில் அது தன்னை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும். பயோஸில் வரிசையை மாற்றினால் போதும், லினக்ஸை மறுபடி நிறுவத் தேவையில்லை.

எந்த வழிகாட்டி என்று பெயர் சொல்லிக் கேட்டால், நிறுவும் படிகளுக்கு உபுண்டுவின் சொந்த ஆவணம், காரணங்களைப் புரிந்துகொள்ள ஆர்ச் விக்கியின் விண்டோஸ் டூயல் பூட் பக்கம். ஆர்ச் விக்கியில் ஒவ்வொரு பக்கமும் எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்கலாம். காலாவதியான பகுதிகளுக்கு மேலே அவர்களே எச்சரிக்கை ஒட்டிவைக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள கட்டளைகள் ஆர்ச்சுக்கானவை. விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டளையை நகலெடுத்து உபுண்டுவில் ஒட்டாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் சில மணிநேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரியைச் சந்தேகப்படாதீர்கள். மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ (timedatectl) கட்டளை மூலம் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் பொது நேரத்துக்கு மாற்றியும் சரிசெய்யலாம். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். இரண்டு வழிகாட்டிகளைப் படித்து இரண்டு பக்கமும் மாற்றிவிட்டால், நேரம் மறுபடி தவறும்.