கடலோரத்தில் 3 சென்ட் பழக்காடு: எலுமிச்சை தெற்குப் பக்கம் மட்டும் கருகியது ஏன்?

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பெரியபட்டினம் பக்கம். கடல் தெற்கே 700 மீட்டர் இருக்கும். வீடு போக 3 சென்ட் மணல் நிலம். உணவுக்காடு போடலாம் என்று போன வருடம் ஐப்பசியில் மா, எலுமிச்சை, கொய்யா, நெல்லி, சப்போட்டா, முருங்கை என 42 கன்றுகளை 2 அடி இடைவெளியில் நெருக்கி நட்டேன். இப்போது 17தான் மிச்சம். 60 அடி போர் தண்ணீர் முதலில் குடிக்கிற மாதிரி இருந்தது, சித்திரையிலிருந்து கரிக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தம்பி, ஜிப்சத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். களர் வேறு, உவர் வேறு. சோடியம் ஒட்டிக்கொண்டு மண் இறுகிப்போய், பி.எச். 8.5க்கு மேல் போனால் அது களர், அதற்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். உங்களுடையது மணல், அதில் கரைந்து நிற்கிற உப்பு உவர். அதைக் கழுவ நல்ல தண்ணீரைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு தடவை நின்று பெய்தால் மணலில் இருக்கிற உப்பு தானாகவே கீழே இறங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாத வயதில் நானே ஒரு மணல் தோட்டத்தில் இரண்டு மூட்டை ஜிப்சத்தைக் கொட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு உதவியது அந்த எலுமிச்சைதான். வடக்குப் பக்கத்து இலைகள் ஓரளவு பச்சையாக இருக்கின்றன, தெற்குப் பக்கம் கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடக்கிறது. தண்ணீர் உப்பால் கருகினால் மரம் சுற்றிலும் கருகும், அதுவும் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் பழுப்பாகும். ஒரு பக்கம் மட்டும் கருகினால் அது காற்றின் வேலை. சந்தேகமாக இருந்தால், மழை இல்லாத நாளில் காலையில் போய் தெற்குப் பக்கத்து இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வைகாசி, ஆனி, ஆடியில் சோழகம் (தென்காற்று) கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிற உப்பு அது. (தொண்டிப் பக்கத்துக்காரர் கேட்டிருந்தால் கதையை மாற்றிச் சொல்வேன். அங்கே கடல் கிழக்கே, வாடையும் கொண்டலும்தான் உப்பு கொண்டு வரும்.) ஆனால் உங்கள் கொய்யாவின் படத்தில் சுற்றிலும் ஓரக்கருகல் தெரிகிறது. ஆக உங்களுக்கு இரண்டு நோயும் இருக்கிறது, காற்றும் தண்ணீரும்.

தண்ணீரை முதலில் பார்ப்போம். கடலோர மணலில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது, பாலுக்கு மேல் ஆடை மாதிரி. நம் ஆட்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பியது இதனால்தான். ஊற்று மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியில் இருக்கிற உப்புத்தண்ணீர் கிட்டத்தட்ட 40 அடி மேலே ஏறும் என்று கடலோர நிலத்தடி நீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் 60 அடியில் மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் ஆடை கிழிந்து கீழே இருப்பது வரத்தான் செய்யும். அந்த போரைத் தோட்டத்துக்கு இனி தொடாதீர்கள். 10, 12 அடியில் ஓர் உறைகிணறு இறக்கி, கையாலோ சின்ன மோட்டாரிலோ காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எடுங்கள். வற்றும் வரை இறைக்கிற பழக்கம் வேண்டாம்.

மொட்டைமாடித் தண்ணீரை அந்தக் கிணற்றுக்கு அருகில் ஒரு குழி வெட்டி இறக்கிவிடுங்கள். 600 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 55 லிட்டர், ஒரு மழைக்காலத்தில் 400 மில்லிமீட்டர் பெய்தால் 22 ஆயிரம் லிட்டர். அதைத் தெருவுக்கு விட்டுவிட்டு உப்புத்தண்ணீரோடு மல்லுக்கு நிற்கிறோம். சித்திரையில் ஒரு பாட்டில், தையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற மின்கடத்துத் திறன் (டெசிசீமென்ஸ்/மீட்டர் அளவில்) 2க்குள் இருந்தால் பெரும்பாலான மரங்களுக்குப் பயமில்லை, 4ஐத் தாண்டினால் தென்னை, சப்போட்டா, இலந்தை, பனை என்று சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். எந்தத் தண்ணீரானாலும் இலையில் படாமல் வேரில் மட்டும் விடுங்கள்.

அடுத்து காற்று. காம்பவுண்டு சுவர் எழுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுவரில் மோதுகிற காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று விழும், கன்றுக்கு அது இன்னும் மோசம். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் நல்லது. தெற்கு எல்லையில் பூவரசம் போத்தும் கிளுவைப் போத்தும் (வெட்டி நட்டால் துளிர்க்கிற கிளைக் கம்பு) மாற்றி மாற்றி ஒன்றரை அடிக்கு ஒன்று ஊன்றுங்கள், இடையில் நாலைந்து பனங்கொட்டையும் புதையுங்கள் (அது உங்கள் பேரனுக்கு). போத்து தழைத்து எழ இரண்டு வருடம் ஆகும், அதுவரைக்கும் பனை ஓலைத் தட்டி ஆள் உயரத்துக்குக் கட்டி வைக்க வேண்டும். ஆடு நுழையாமலும் இருக்கும், உங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. சவுக்கு வேண்டாம், இந்தச் சின்ன இடத்தில் அது பழமரத்துக்குப் பங்காளியாகிவிடும். கிளுவையில் பிரண்டையையும் கோவையையும் ஏற்றிவிட்டால் வேலியே துவையலும் பொரியலும் தரும்.

சரி, இப்போது மரம். 3 சென்ட் என்பது 1,300 சதுர அடி. அதில் 42 மரம் நிற்கலாம், காய்க்காது. 2 அடிக்கு ஒன்று நெருக்கி நடுகிற முறை சீக்கிரம் பச்சை மூடுவதற்கு ஆனது, பழத்துக்கு வெயில் வேண்டும். இங்கே இன்னொன்றும் இருக்கிறது: மேலே மிதக்கிற அந்தக் கொஞ்ச நல்ல தண்ணீருக்கு 42 வேர்கள் அடித்துக்கொள்ளும். மழை கொட்டுகிற ஊர்களில் உணவுக்காடு என்றால் ஏழு அடுக்கு என்று படம் போட்டுக் காட்டுவதை அப்படியே இங்கே இறக்காதீர்கள். உங்களுக்கு ஆறு மரம் போதும். ஒரு தென்னை, ஒரு சப்போட்டா, இரண்டு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு சீத்தா. தென்னையை வீட்டிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். முருங்கையில் பி.கே.எம். 1 ரகம் எடுங்கள், இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒற்றைக் கம்பாகப் போய் ஆடிக் காற்றில் முறியும். மாவை ஐந்து வருடத்துக்கு மறந்துவிடுங்கள்.

இடைவெளியில் அகத்தி ஏழெட்டு விதை போட்டுவிடுங்கள். கன்றுகளுக்கு நிழலாக இருக்கும், கீரைக்கும் ஆகும், பழமரம் எழும்பியதும் வெட்டி மூடாக்காகப் போட்டுவிடலாம். குளியல் தண்ணீர் விழுகிற இடத்தில் இரண்டு வாழை, பக்கத்தில் கறிவேப்பிலை. துணி துவைத்த தண்ணீரை மட்டும் அங்கே விடாதீர்கள், சோப்புத்தூளில் இருப்பதும் சோடியம்தான். தரையில் சர்க்கரைவள்ளி ஓடட்டும், மணல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். பருப்புக்கீரை தானாக முளைக்கும். இரண்டு பாத்தி குண்டு மிளகாய் போடாவிட்டால் இராமநாதபுரத்துக்காரர் என்று உங்களை எப்படி நம்புவது? 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது அது.

குழி எடுப்பதில் அவசரப்படாதீர்கள், இதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. மூன்றடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டையை இரண்டு வரிசை அடுக்குங்கள், குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் மண்) ஒரு பங்கு, மேல்மணல் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, அதோடு வேப்பம் புண்ணாக்கு அரைக்கிலோ. மணலில் வேரை முடிச்சுப் போடவைக்கிற நூற்புழு கொய்யாவைக் குறிவைக்கும், புண்ணாக்கு அதற்கும் சேர்த்துத்தான். கரம்பை எடுக்கும் கண்மாய் களரா என்று அந்த ஊர் சம்சாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு ஓரடி தள்ளி ஐந்து லிட்டர் மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, வாரம் இரண்டு முறை நிரப்பி மூடி வையுங்கள். தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும், மணலில் ஊற்றினால் போகிற வேகத்தில் போகாது. பானை வெள்ளைப் பூத்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம், எடுத்துக் கழுவி வையுங்கள்.

உரத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பச்சை மீன் குடலும் செவுளும் எடையில் சமமாக வெல்லத்தோடு மூடிப்போட்ட டப்பாவில் ஒரு மாதம் ஊறினால் மீன் அமிலம். பத்து லிட்டருக்கு 50 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். கருவாட்டுக் கழிவை மட்டும் தோட்டத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள், அது முழுக்க உப்பு.

இப்போது குழியும் வேலியும் கிணறும். நடவு புரட்டாசி கடைசியில், முதல் மழை நின்று மண்ணைக் கழுவிய பிறகு. மிச்சமிருக்கிற 17இல் முருங்கையும் சப்போட்டாவும் பிழைத்திருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எலுமிச்சைக்கு ஆசை இருந்தால் வீட்டுக்கு வடக்கே, சுவர் மறைவில் புதிதாக ஒன்று வையுங்கள். அந்தப் பழைய மரம் இனி தேறாது.