அக்காவிடம் கேளுங்கள்: வாக்குத்தத்த அட்டையும் வாடகைத் தேதியும்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். அக்டோபரில் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனி, ஒரே ஒரு மீட்டிங், அன்றைக்கே லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று தட்டிலிருந்து எடுக்கிற பைபிள் வசன அட்டை) 'வருஷத்தை உம்முடைய நன்மையால் முடிசூட்டுகிறீர்' என்று இருந்தது. எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள், எனக்கு வாயே வரவில்லை. 5ஆம் தேதி வாடகை கட்ட வேண்டும். சபையில் யாருக்கும் விஷயம் தெரியாது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?
(வாசகி, லிங்கராஜபுரம்)

பாட முடியாததை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள், அம்மா. அட்டையில் வந்த அதே சங்கீதப் புத்தகத்தில் 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றுதான் ஆரம்பிக்கிறது. மொத்தம் ஆறே வசனம், கடைசி வசனத்தில் பாட்டு வருகிறது. அந்தப் புலம்பலையும் பாட்டு என்றுதானே புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள்? அன்றைக்கு ராத்திரி நீங்கள் முதல் வசனத்தில் நின்றீர்கள், பக்கத்தில் இருந்தவர் ஆறாம் வசனத்தில் நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கு வந்த 65ஆம் சங்கீதத்தையும் முழுக்கப் படியுங்கள். அட்டையில் ஒரு வரிதான் அச்சடிப்பார்கள். அந்த வரிக்குச் சற்று முன்னால் இருப்பதெல்லாம் மழை, வரப்பு, படைசாலில் தண்ணீர், தானியம். மழை பெய்து, பயிர் நின்று, அறுப்பு கண்ணில் தெரியும்போது ஒரு விவசாயி திரும்பிப் பார்த்துச் சொல்கிற வார்த்தையாகத்தான் எனக்கு அது படுகிறது. 2024 மார்ச்சில் குடத்தை வைத்துக்கொண்டு டேங்கருக்குக் காத்திருந்த பெங்களூர்க்காரர்களுக்கு மழையின் அருமையைப் பற்றிப் பிரசங்கமே தேவையில்லை. அறுப்புக்காலத்துப் பாட்டை உங்கள் கையில் விதைப்பு நாளில் கொடுத்திருக்கிறார்கள், வாய் வராததில் என்ன ஆச்சரியம்? அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், பைபிளுக்குள்ளேயே இருக்கட்டும், டிசம்பரில் எடுத்துப் பார்க்கலாம்.

இப்போதைக்கு உங்களுக்கு ஏற்றது யாத்திராகமம் 16, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவின் கதை. தினமும் காலையில் அன்றைக்குத் தேவையானது மட்டும். பயந்துபோய் மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழுத்து நாறியது, ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்த்ததோ கெடவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்றுதான் இருக்கிறது, இந்த வருஷத்துக்குத் தாரும் என்று இல்லை. 365 நாள் கவலையையும் ஜனவரி 1ஆம் தேதியே தலையில் ஏற்றிக்கொண்டால் யாருக்குத்தான் வாய் வரும்?

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறொன்று. 'சபையில் யாருக்கும் விஷயம் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் சம்பளம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, 'கர்த்தர் நடத்துகிறார்' என்று சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தேன். வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி. சபையில் எழுந்து சாட்சி சொல்பவர்கள் பலர், யாரோ முகம் தெரியாதவர் வாசலில் அரிசி மூட்டை வைத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். என் வாசலில் யாரும் வைக்கவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அம்மாவிடம் அழுதுகொண்டே வாயைத் திறந்து சொன்னேன், அன்று சாயங்காலமே ஆட்டோவில் அரிசி வந்தது. அப்புறம் அந்த அம்மா என்னைத் திட்டினார் பாருங்கள், 'மூணு மாசம் எங்களை யாருன்னு நெனச்சே?' என்று. அந்தத் திட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

'என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்' என்ற பிலிப்பியர் 4:19ஐ நாமெல்லாம் காலண்டரில் பார்க்கிறோம். நாலு வசனம் மேலே போனால், பவுலுக்குத் திரும்பத் திரும்ப உதவி அனுப்பியது இந்த பிலிப்பி சபைதான் என்று தெரியும். சிறையில் இருந்தவருக்கு ஆள் மூலமாகப் பணம் வந்தது, அதற்கு நன்றி சொல்லும் கடிதத்தில்தான் அந்த வாக்குத்தத்தம் இருக்கிறது. தேவன் தருவது பெரும்பாலும் மனுஷர் கை வழியாகத்தான் வருகிறது. யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டால் அந்தக் கை எப்படி நீளும்? இந்த ஞாயிறே ஆயரம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இனி காரியங்கள். 5ஆம் தேதி வரை காத்திராமல் வீட்டு ஓனரிடம் இன்றே பேசுங்கள். பெங்களூரில் அட்வான்ஸைப் பல மாத வாடகையாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள், பத்து மாதம் வாங்கியவர்களும் உண்டு. ஒன்றிரண்டு மாதத்தை அதில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, அது உங்கள் பணம். வீட்டுக்காரருக்கு அந்தக் கம்பெனியில் ஐந்து வருஷ சர்வீஸ் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி வர வேண்டும், கடைசி கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனவர் பி.எஃப்.பில் பணம் எடுக்க வழி உண்டு, ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு போய்விடும், வீட்டில் சர்க்கரை, பிரஷர்க்காரர்கள் இருந்தால் இதை முதலில் விசாரியுங்கள். இதெல்லாம் ஜெபத்துக்கு எதிரானது இல்லை, மன்னாவையும் காலையில் எழுந்து குனிந்துதான் பொறுக்கினார்கள்.

கேள்வி: ஜனவரி முதல் வாரத்தில் 'விதை காணிக்கை' அனுப்பினால் நூறு மடங்கு திரும்பி வரும் என்று ஒரு ஊழியக்காரர் டி.வி.யில் சொன்னார். கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய் போடலாம் என்று இருக்கிறேன்.
(வாசகர், அல்சூர்)

போடாதீர்கள். வட்டிக்காரன் பணத்தில் காணிக்கை எதற்கு? உங்களிடம் இல்லாததைப் பவுல் கேட்கவில்லை, உள்ளதில் மனதாரக் கொடுப்பதைத்தான் 2 கொரிந்தியர் 8இல் பேசுகிறார். அந்த 'நூறத்தனையாக' மாற்கு 10:30இல் இருக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டு 'துன்பங்களோடேகூட' என்று ஒரு வார்த்தையும் இருக்கிறது. அதை டி.வி.யில் வாசித்தாரா? ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையையும் இவர்கள் சொல்வார்கள். அதற்கு இரண்டு மூன்று வசனம் முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். இதே நம்ம பெங்களூரில்தான் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் வந்து இறங்கினார். பிறகு திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர், பணத்துக்காக யாரிடமும் விண்ணப்பம் வைப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். மடங்கு கணக்குப் போட்டுக் காட்டிப் பணம் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கேள்வி: என் மாமியார் அட்டையில் பிடித்த வசனம் வரவில்லை என்று தட்டில் கை விட்டு இன்னொன்று எடுத்தார். தப்பா?
(வாசகி, குக் டவுன்)

தப்பில்லை, சிரிப்புதான் வருகிறது! அது லாட்டரி சீட்டு இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1728இல் தினம் ஒரு வசனத்தைத் தங்களுக்குள் சொல்லி அனுப்பும் வழக்கத்தை ஆரம்பித்தார்கள், 1731இலிருந்து அச்சுப் புத்தகமாகவே வருகிறது. நம் அட்டையும் அதுபோல வருஷம் முழுக்கத் தியானிக்கத்தான். நாம் ஒரு ராத்திரிக்குள் பலன் பார்க்கிறோம். ஒன்று கவனித்தீர்களா, தட்டில் இருக்கிற அட்டை எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற எரேமியா 29:11 வீட்டுக்கு வீடு தொங்குகிறது, அதற்கு முந்தைய வசனத்தின் 'எழுபது வருஷம்' யார் அட்டையிலும் வராது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. 1809இல் பிரிட்டிஷ் பட்டாளத்தின் கண்டோன்மென்ட் வந்ததிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே வேர்விட்ட நம்ம ஜனத்துக்கு, பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் அந்த ஏழாம் வசனத்தை ஒரு வருஷம் அட்டையில் போட்டால் என்ன? மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது அட்டை எடுப்பார்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். கீழ்வீட்டுக் கிறிஸ்தவர்கள் குல்குல், கேக் எல்லாம் கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் 31ஆம் தேதி நடுராத்திரியில் குளிரில் சர்ச்சுக்கு ஏன் போகிறார்கள்?
(வாசகர், கம்மனஹள்ளி)

பழைய வருஷத்தை ஜெபத்தோடு முடிக்கத்தான். மேலே சொன்ன மொராவியர்களே 1733இல் வருஷக் கடைசி ராத்திரியில் விழித்திருந்து ஜெபித்தார்கள். இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், முன்பெல்லாம் சாராயக்கடையில் ராத்திரியைக் கழித்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1740 வாக்கில் விழிப்பு ஜெபம் வைத்தார்கள், மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லி அதை ஊக்குவித்தார். ஆரம்பத்தில் பௌர்ணமியை ஒட்டிய ராத்திரியில் வைத்தார்கள், வீட்டுக்கு நடந்துபோக வெளிச்சம் வேண்டுமே. இப்போது புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் பிரிகேட் ரோட்டில் ஒரு கூட்டம், சர்ச்சில் ஒரு கூட்டம். பொங்கலுக்கு நீங்கள் கீழே ஒரு கிண்ணம் அனுப்புங்கள்.

கேள்வி: எல்.ஐ.சி. எடுப்பது அவிசுவாசம் என்கிறான் என் தம்பி.
(வாசகர், காக்ஸ் டவுன்)

யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் ஐந்தில் ஒரு பங்கு தானியம் சேர்த்து வைத்தானே, அவனிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

லிங்கராஜபுரம் வாசகிக்கு: ஓனர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.