நூறு கிரெடிட்டுக்குள் பதினொரு பேர்: பேன்டசி கிரிக்கெட் கேள்வி-பதில்

பேன்டசி கிரிக்கெட்டில் உண்மையான போட்டியில் ஆடும் வீரர்களில் பதினொருவரை நீங்கள் தெரிவு செய்வீர்கள். ஒவ்வொருவருக்கும் கிரெடிட் என்ற விலை உண்டு, மொத்தம் 100-ஐத் தாண்டக்கூடாது. அவர்கள் மைதானத்தில் ஆடுவதைப் பொறுத்து உங்களுக்குப் புள்ளி வரும்.

நான்கு பெரிய வீரர்களை எடுத்தால் கடைசி இடத்துக்குக் கிரெடிட் போதாமல் போகிறது. எங்கே பிழை? (உப்புவெளி)

100-ஐ 11-ஆல் வகுத்தால் ஆளுக்கு 9.09. தலா 10.5-க்கு நால்வரை எடுத்தால் 42 போய்விடும். மீதி 58-இல் ஏழு பேர், ஆளுக்கு 8.29 தான். அந்த விலையில் பெயர்கள் நிறையக் கிடக்கும், ஆனால் பாதிப் பேர் மேலதிக வீரர்களாகக் குந்தியிருப்பார்கள்.

கீழிருந்து தொடங்குங்கள். 8 கிரெடிட்டில் நிச்சயமாக ஆடும் மூவரை முதலில் பிடித்தால், மற்ற எட்டுப் பேருக்கு ஆளுக்கு 9.5 வரும். மலிவு வீரர் பந்துவீச்சாளர் என்றால் நான்கு ஓவரும் போடுகிறவராக இருக்க வேண்டும், துடுப்பாட்ட வீரர் என்றால் முதல் நால்வருக்குள் இறங்குகிறவராக இருக்க வேண்டும். ஏழாம் இலக்கத்தில் வருகிறவருக்கு ரி20-இல் பத்துப் பந்து கிடைத்தாலே பெரிது.

ஒரே அணியில் ஏழு பேர் எடுத்துவிட்டேன். அதே அணியின் இன்னொருவரை மாற்றிப் போட விடவில்லை. (கிண்ணியா)

முதலில் நீக்குங்கள், பிறகு சேருங்கள். ஓர் அணியிலிருந்து ஏழு பேர்தான் உச்சம் என்றால் எட்டாமவரை ஒரு கணம்கூட ஏற்காது. உச்ச எண்ணிக்கை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், விதிப் பக்கத்தைப் பாருங்கள்.

அணித்தலைவரையும் உப தலைவரையும் மாற்றிப் போட்டுத் தோற்றேன். (மூதூர்)

தலைவருக்கு 2 மடங்கு புள்ளி, உப தலைவருக்கு 1.5 மடங்கு என்று வையுங்கள். ஒருவர் 80 புள்ளி, மற்றவர் 40 எடுத்தால் சரியான வரிசையில் 220, தலைகீழாக 200. இழப்பு இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி மட்டுமே. அந்த 80 எடுத்தவரை இரண்டு இடத்திலும் வைக்காமல் விட்டிருந்தால்தான் உண்மையான அடி. ஆரம்பத்தில் இறங்கிப் பந்தும் வீசும் சகலதுறை வீரருக்கு இரண்டு வழியிலும் புள்ளி வரும்.

ஐபிஎல் போட்டியில் என் பந்துவீச்சாளர் பதினொருவரில் இல்லை. உடனே தூக்கிவிடலாமா? (நிலாவெளி)

அவசரப்படாதீர்கள். 2023 முதல் இம்பெக்ட் வீரர் விதி உண்டு, அதாவது போட்டியின் நடுவே ஒரு மாற்று வீரரை உள்ளே எடுக்கலாம். நாணயச் சுழற்சிக்குப் பிறகு பதினொருவரோடு ஐந்து மாற்று வீரர்களின் பெயரும் வரும். முதலில் துடுப்பெடுத்தாடும் அணி மேலதிகத் துடுப்பாட்ட வீரரை இறக்கி, பந்துவீச வரும்போது பந்துவீச்சாளரை உள்ளே எடுப்பது வழக்கம். ஆனால் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் இருந்தால் உள்ளே வருகிறவர் இந்தியராகத்தான் இருக்க வேண்டும். அப்படியிருக்க உங்கள் ஆள் வெளிநாட்டவர் என்றால் தூக்குங்கள்.

இரவுப் போட்டி 7.30, சுழற்சி 7 மணி; இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நேரம்தான். மாற்றிய பின் சேமித்தீர்களா என்று அணிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மெக்கெய்சர் மைதானத்தில் ஆறு ஓவர் மென்பந்துச் சுற்றுக்கு நாங்களே பேன்டசி வைக்கிறோம். விதி என்ன? (திருகோணமலை நகர்)

விலை மூன்று போதும்: 8, 9, 10. ஓட்டத்துக்கு 1 புள்ளி என்றால் விக்கெட்டுக்கு 25 வேண்டாம், 15 வையுங்கள். 36 பந்துக்குள் ஒருவர் 25 ஓட்டம் எடுப்பதே பெரிய காரியம், விக்கெட்டோ அள்ளிக்கொண்டு விழும். சம புள்ளி வந்தால் தலைவரின் புள்ளி கூடியவர் மேலே என்று முதல் பந்துக்கு முன்பே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.