பிரெஞ்சு டீச்சர் பதில்கள்

ஒரு மாணவர், மேலூர்: பிரெஞ்சில் 80-க்குத் தனிச் சொல்லே கிடையாதா, டீச்சர்?

பிரான்சில் கிடையாது தம்பி. ‘காத்ர் வேன்’, அதாவது நாலு இருபது. 99 என்றால் நாலு இருபது பத்தொன்பது! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு ‘நோனான்த்’ என்று ஒரே சொல். நம் தொண்ணூறுக்குள் நூறு எதற்கு வந்தது என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் பிரெஞ்சு எண்ணைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

ஒரு தாய், திருமங்கலம்: மகள் பிளஸ் ஒன் சேர்கிறாள். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்கிறார்கள். பிரான்சுக்கே போகாதவளுக்கு அது எதற்கு?

பிரான்சை விடுங்கள், அம்மா. பிரெஞ்சு பேசுகிறவர்கள் சுமார் 32 கோடிப் பேர் என்று பிரெஞ்சு மொழி நாடுகளின் சர்வதேச அமைப்பு 2022-ல் கணக்குச் சொன்னது. பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்.

சில வருடங்களுக்கு முன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்குத் துணையாக மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். 1848-ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றினார்களே, அந்த வம்சம். மாரியம்மன் தெரியும், தீமிதி தெரியும். தமிழ் தெரியாது. வீட்டில் கிரியோல் என்கிற, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சு; பள்ளியில் பிரெஞ்சு.

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பட்டர், “பேரு, நட்சத்திரம்?” என்றார். நான் பிரெஞ்சில் கேட்டுச் சொன்னேன். குடும்பப் பெயராக வந்தது யாரோ ஒரு முப்பாட்டனாரின் தமிழ்ப் பெயர். நட்சத்திரம் தெரியவில்லை. ‘நட்சத்திரம்’ என்ற சொல்லை மட்டும் அந்தப் பெண்மணி இரண்டு முறை என்னிடம் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “சாமி பேருக்கே பண்ணிடுறேன்” என்றார் பட்டர். குங்குமம் வாங்கிய அவர் கை நடுங்கியது.

உங்கள் மகள் பிரெஞ்சு கட்டாயம் படிக்கட்டும். தமிழை விட்டுவிட்டு மட்டும் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, ஒரு காபி கேட்கத் தெரியாமல் நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பள்ளியில் தமிழ் எடுக்கட்டும். மாலையில் பிரெஞ்சை வாய்விட்டுப் பேசிப் பழகட்டும். ஆப்பிரிக்காவின் செனகல், மாலி நாட்டுக்காரர்கள் பேசுவதையும் போனில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பலர் ‘ர’வை நம்மைப் போல நாக்கு நுனியில்தான் உருட்டுகிறார்கள். மதுரைப் பிள்ளை காதுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.