கோடரியும் குளம்பும்

அன்புள்ள ஐயா,

ஆல்ப்ஸ் பற்றிய கட்டுரையில், அந்த உயரத்துப் புல்வெளிகள் பலவும் 'மனிதன் செய்தவை' என்று எழுதியிருந்தீர்கள். கோடரியும் மரக்கலப்பையும் மட்டுமே வைத்திருந்தவர்களால் ஒரு மலையை மாற்ற முடியுமா? மண் அரிப்பு டிராக்டர் வந்த பிறகுதானே தொடங்கியது?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டிராக்டர் தேவையே இல்லை. கோடரி, நெருப்பு, ஆட்டு மந்தை, கொஞ்சம் பொறுமை, இவை போதும். மேய்ச்சலுக்காக மரங்களை அழித்தால் மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் போய்விடும். ஆடு புல்லை ஒட்டக் கடிக்கும். மந்தை தினமும் போகும் தடத்தில் குளம்பு பட்டுப் புல்பற்றை கிழியும். மிச்ச வேலையை மழையும் பனி உருகிய நீரும் பார்த்துக்கொள்ளும்.

இதற்குச் சாட்சி ஏரிகளின் அடியில் இருக்கிறது. சரிவிலிருந்து வந்த மண் அங்கே அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. பிரெஞ்சு ஆல்ப்ஸில் 2063 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெர்ன் ஏரியின் சேற்றில் ஆடு மாடுகளின் டி.என்.ஏ.வையே பிரித்தெடுத்துவிட்டார்கள். இரும்புக்காலத்தின் பிற்பகுதி, ரோமானியர் காலம் ஆகிய அடுக்குகளில் அது நிறைய இருக்கிறது. கடுமையான அரிப்பின் தடமும் அதே அடுக்குகளில்தான். எனக்கு இது துப்பறியும் கதைபோலவே தோன்றும். அப்புறம், அதே ஆல்ப்ஸில் கீழே இருக்கும் பூர்ஷே ஏரியின் படிவுகளில் லித்தியம் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறுபடும் அணுவகைகளை) ஆராய்ந்தவர்கள், அந்த மலைகளில் மனிதரால் வந்த அரிப்பு சுமார் 3800 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்கிறார்கள். முதலில் மந்தைகள் ஏறிய உச்சிச் சரிவுகள் கரைந்தன, உழவு பரவியபோது கீழ்ச்சரிவுகள். மண் உருவாகும் வேகத்தைப்போல் 4 முதல் 10 மடங்கு வேகத்தில் அது போயிருக்கிறது.

பண்டைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவுக்கே இது தெரிந்திருந்தது. ஏதென்ஸைச் சுற்றியுள்ள, மண் கரைந்துபோன அட்டிகா பகுதியை, நோயில் சதை வற்றி எலும்பு மட்டும் மிஞ்சிய உடலோடு ஒப்பிட்டிருக்கிறார்.

சரி, அவர்களை வில்லன்களாக்க வேண்டாம். கரைந்த மண்ணில் ஒரு பங்கு பள்ளத்தாக்குகளில் தங்கி நல்ல வயலானது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் கல்சுவர் கட்டி, உள்ளே சரளையும் மேலே மண்ணும் நிரப்பிப் படிக்கட்டு வயல் அமைத்தவர்களும் பழங்கால உழவர்கள்தான். ஆனால் அந்தச் சுவருக்கு ஆள் வேண்டும். மத்தியதரைக்கடல் மலைகளில் மக்கள் கைவிட்டுப் போன படிவயல்களில், சுவர் இடிந்த இடத்தில் தலைமுறைகள் சேர்த்த மண் சரிந்து ஓடுகிறது.

நீங்கள் கேட்ட புல்வெளிக்கு வருகிறேன். மேய்ச்சல் நின்ற ஆல்ப்ஸ் சரிவுகளில் முதலில் புதரும் பிறகு மரங்களுமாகக் காடு திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்தது மந்தைதான் என்பதற்கு இதுவே சாட்சி.