ரத்தம் கம்மி என்றால், எதனால் கம்மி? சோகை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. எச்பி (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 8.6. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. ஆறு மாதமாகப் பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று சாப்பிட்டும் ஏறவில்லை. ஏன்?

பதில்: பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தம் இல்லை அம்மா. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூடத் தேறாது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு எச்பி 12-க்குக் கீழே போனாலே சோகைதான். 8.6-ஐ சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, மாத்திரை வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் மாதவிடாய் பற்றி எதுவும் எழுதவில்லை. ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? நாப்கின் மாற்ற ராத்திரியில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரியும், தைராய்டும் பார்ப்பார்கள். ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் சேராது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சோகை இருக்கிறது. ‘எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்வது அதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: இரும்பு மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா சார்?

பதில்: நிறுத்தாதீர்கள். கருப்பு நிறம் மாத்திரையால் வருவது, பயமில்லை. தார் மாதிரி பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருந்தால்தான் உடனே காட்ட வேண்டும். பிரட்டல் தாங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. எச்பி சரியான பிறகும் மூன்று மாதம் தொடருங்கள், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. எச்பி 9, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) மிகக் குறைவு. மெடிக்கலில் டானிக் வாங்கிக் கொடுத்தோம், கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதுவே போதுமா?

பதில்: போதாது தம்பி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்களுக்கு மாதவிடாய் இல்லை; இந்த வயதில் இரும்பு குறைகிறது என்றால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறாரா? அதனால் வயிற்றுப் புண் வந்திருக்கலாம். மூல நோயாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். வலியே இல்லாமல் சோகை மட்டும் முதல் அறிகுறியாக வருவது உண்டு. குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டையும் பற்றிக் குடல் மருத்துவரிடம் பேசுங்கள். டானிக்கில் எச்பி ஏறுவதால் கசிவு நின்றுவிட்டது என்று ஆகாது.

கேள்வி: சுத்த சைவம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ரிப்போர்ட்டில் எம்சிவி 112. பாதம் மரத்துப்போகிறது.

பதில்: எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெருத்து 100-ஐத் தாண்டும். சைவ உணவு, மெட்ஃபார்மின் இரண்டுமே பி12-ஐக் குறைப்பவை. மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் மட்டும் கட்டிவிடாமல் பி12 அளவைப் பாருங்கள். வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் போட வேண்டாம்: எச்பி ஏறிவிடும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

கேள்வி: தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறோம். எச்பி 10.5, எம்சிவி 64, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் அதிகம். இரும்பு மாத்திரையில் மாற்றமே இல்லை.

பதில்: தலசீமியா மைனராக இருக்கலாம், அதாவது மரபணுவில் வரும் லேசான ரத்தக் குறைபாடு. ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனையும் செய்யுங்கள். மைனர் என்றால் அவருக்குப் பெரிய தொல்லை வராது. ஃபெரிட்டின் குறைவாக இல்லாவிட்டால் இரும்பு மாத்திரையும் தேவையில்லை. கல்யாணத்துக்கும் தடையில்லை. மாப்பிள்ளையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளட்டும். இருவருக்கும் இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம், குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர வாய்ப்புண்டு.

கேள்வி: மூன்று வயதுப் பையன் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான்.

பதில்: அடிக்காதீர்கள். இரும்புக் குறைவில் இந்த ஆசை வரும். எச்பி பாருங்கள், குடற்புழு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏழாவது மாதம், எச்பி 8. மாத்திரை போட்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்கிறார் மாமியார்.

பதில்: குழந்தையின் நிறம் பெற்றோர் மரபணுவில் வருவது, மாத்திரைக்கு அதில் பங்கே இல்லை. கர்ப்பத்தில் எச்பி 11 இருக்க வேண்டும். 8-ல் பிரசவத்துக்குப் போனால், சாதாரண ரத்தப்போக்கையே உங்கள் உடல் தாங்காமல் போகலாம். இவ்வளவு தாமதமான மாதத்தில் இரும்பை ஊசியாக ரத்தக் குழாயில் ஏற்றலாம், அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள், மாமியாரையும் கூட்டிப்போங்கள்.